விசராவில் பூச்சிமருந்து: தட்டில் என்ன தெரிந்தால் என்ன செய்வது?

செட்டிநாட்டுப் பக்கம் நெல்லும் கடலையும் மிளகாயும் வானத்தை நம்பித்தான். கண்மாய் நிறைந்தால் விதைப்பு, பயிர் தலைகாட்டினால் மருந்தடிப்பு. மீதமான மருந்து பம்புசெட் அறையிலோ வீட்டுத் தாழ்வாரத்திலோ கிடக்கும். அதனால் காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரங்களில் ஒருவர் வாயில் நுரையோடு இறந்து கிடந்தால் முதல் சந்தேகம் அந்தப் பாட்டில் மேல்தான் விழுகிறது. 2024 ஜூலை 1 வரை குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 174 என்று நாம் சொல்லிப் பழகிய சந்தேக மரண விசாரணை, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 194-ஆம் பிரிவில் நடக்கிறது. எண் மாறினாலும் விசரா, அதாவது சோதனைக்காக எடுத்த இரைப்பை, ஈரல் போன்ற உள்ளுறுப்புகள், அடங்கிய பாட்டில்களின் பயணம் மாறவில்லை. பிணவறையிலிருந்து அரக்கு முத்திரையோடு கிளம்பி, ஒரு காவலரின் மடியில் பஸ்ஸில் உட்கார்ந்து, ஆய்வகத்துக்கு வந்து சேர்கின்றன.

ஆய்வகத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் வேதியியல் பட்டதாரிகளுக்காக இதை எழுதுகிறேன். இதில் வருபவை எளிய முறைகள்: சிலிக்கா ஜெல் தட்டு (சாற்றை அடியில் புள்ளியாக வைத்துக் கரைப்பானை மேலேறவிட்டால் அதிலுள்ளவை வெவ்வேறு உயரத்தில் பிரிந்து நிற்கும்), அவற்றை நிறமாக்கும் தெளிப்பான், வடிதாள், சோதனைக்குழாய். நிறைமாலைமானியோடு இணைந்த வாயு வண்ணப்பிரிகைக் கருவி இருக்கும் இடத்திலும் எந்த மருந்தைத் தேடுவது என்று முதலில் திசை காட்டுவது தட்டுதான். 1849-இல் சென்னையில் இரசாயனப் பரிசோதகரின் ஆய்வகம் தொடங்கிய நாளிலிருந்து நஞ்சுத் தேடல் என்பது நிறம், மணம், படிவு ஆகியவற்றைப் படிக்கும் வேலையாகவே வளர்ந்தது. படிக்கத் தெரியாதவர் கையில் எந்தக் கருவியும் ஊமைதான்.

'சோதனை சரியாக வரவில்லை' என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்கும் கேள்வி: பக்கத்துத் தடத்தில் என்ன வைத்தீர்கள்? ஒரு தட்டில் நான்கு தடங்கள் வேண்டும். மாதிரியின் சாறு ஒன்று. ஒப்பிட்டுப் பார்க்க, இன்னது என்று உறுதியாகத் தெரிந்த சான்று மருந்து ஒன்று. நஞ்சில்லாதது என்று உறுதியான திசுவை அதே கரைப்பான், அதே உப்பு, அதே சட்டியில் நடத்தி எடுத்த வெற்றுச் சாறு ஒன்று. மாதிரிச் சாற்றிலேயே சான்று மருந்தைக் கலந்தது நான்காவது. இந்த நான்கும் இல்லாத தட்டை வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் படித்துப் பயனில்லை.

பாட்டிலைத் திறந்ததும் மருந்து வாடை அடிக்கிறது. தட்டில் ஒன்றுமே இல்லை

முதலில் மூக்கை நம்பாதீர்கள். பல பூச்சிமருந்துகள் எண்ணெய் போன்ற பெட்ரோலியக் கரைப்பானில் கரைத்துத்தான் விற்கப்படுகின்றன. மண்ணெண்ணெய் போன்ற அந்த வாடை கரைப்பானுடையது. அது எந்த மருந்து என்பதை வாடை சொல்லாது. மண்ணெண்ணெயையே குடித்திருந்தாலும் வாடை ஏறக்குறைய அப்படித்தான் இருக்கும்.

அடுத்து சான்றுத் தடத்தைப் பாருங்கள். அங்கும் புள்ளி வரவில்லை என்றால் குற்றம் தெளிப்புக் கரைசலில் இருக்கிறது, மாதிரியில் இல்லை. சான்றில் புள்ளி வந்து, மாதிரியில் வராமல், மாதிரியோடு கலந்த சான்றிலும் வராமல் போனால் மாதிரியில் உள்ள ஏதோ ஒன்று நிறத்தை மறைக்கிறது. சாற்றைச் சுத்தம் செய்ய வேண்டும். கலந்த தடத்தில் புள்ளி வந்து மாதிரித் தடத்தில் மட்டும் வரவில்லை என்றால்தான் 'மருந்து சாற்றுக்கு வரவில்லை, அல்லது அதில் இல்லை' என்ற பேச்சுக்கே இடம்.

மருந்து ஏன் சாற்றுக்கு வராமல் போகும்? பழக்கதோஷம்தான் பெரிய காரணம். எல்லாவற்றுக்கும் ஹெக்சேன் என்று கை போகிறது. குளோர்பைரிபாஸ், குவினால்பாஸ் போன்றவற்றை ஹெக்சேன் நன்றாக இழுக்கும். மோனோகுரோட்டோபாஸ் தண்ணீரில் எளிதில் கரைவது; ஹெக்சேன் பக்கம் வரவே வராது. அதற்கு நீர்க்கட்டத்தை உப்பால் நிறைத்துவிட்டு, குளோரோஃபார்ம் அல்லது டைகுளோரோமீத்தேன் கொண்டு இரண்டு மூன்று முறை குலுக்கிப் பிரித்தெடுக்க வேண்டும். இன்னொன்று: ஹெக்சேனும் அசிட்டோனும் எட்டுக்கு இரண்டு என்ற வழக்கமான ஓடுகரைப்பானில் (தட்டில் மேலேறும் கரைப்பான்) மோனோகுரோட்டோபாஸ் தொடக்கக் கோட்டை ஒட்டியே நின்றுவிடும். 'அழுக்கு' என்று நாம் ஒதுக்கும் அந்த அடிப்பட்டையில்தான் அது ஒளிந்திருக்கும். அசிட்டோனைக் கூட்டி இன்னொரு தட்டு ஓட்டிப் பாருங்கள்.

சாற்றை ஆவியாக்கும்போது கவனமில்லாமல் போவது அடுத்த காரணம். தண்ணீர்த்தொட்டி கொதிக்கக் கொதிக்க, சட்டி காய்ந்து பொரிய, கடைசிச் சொட்டும் போகும்வரை விட்டுவிட்டு டீ குடிக்கப் போனால் டைகுளோர்வாஸ் போன்ற எளிதில் ஆவியாகும் மருந்து உங்களுக்காகக் காத்திருக்காது. (டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை செய்யப்பட்டது. பழைய கையிருப்பு தடையாணையைப் படிப்பதில்லை என்பதால் பட்டியலிலிருந்து அதை எடுத்துவிடாதீர்கள்.) கடைசி ஒரு மில்லிலிட்டரை அறை வெப்பத்தில் மெல்லிய காற்றோட்டத்தில் வற்றவிடுங்கள்.

மூன்றாவது காரணம் தெளிப்புக் கரைசலின் தேர்வு. அரை சதவீத பல்லாடியம் குளோரைடு நம் எல்லோருக்கும் செல்லப்பிள்ளை. அமிலம் சேர்த்த அந்தக் கரைசலைத் தெளித்தால் கந்தகம் கொண்ட கரிமபாஸ்பரஸ் மருந்துகள் மஞ்சளாகவும் பழுப்பாகவும் உடனே எழும். ஆனால் அது தேடிப் பிடிப்பது கந்தகத்தை, பாஸ்பரஸை அல்ல. மோனோகுரோட்டோபாஸிலும் டைகுளோர்வாஸிலும் கந்தகமே கிடையாது. பல்லாடியத்தை எவ்வளவு தெளித்தாலும் அவை அசையாது. இவற்றுக்கு நைட்ரோபென்சைல் பிரிடினைத் தெளித்து 110 டிகிரியில் அரைமணி நேரம் சூடாக்கி, பிறகு டெட்ராஎத்திலீன் பென்டமினைத் தெளித்தால் நீலம் கலந்த ஊதாப் புள்ளி வரும். மோனோகுரோட்டோபாஸுக்கு மட்டும் என்றால் காரம் தெளித்துச் சிதைத்துவிட்டு டையசோ கரைசலைத் தெளிக்கும் வழியும் இருக்கிறது.

நான்காவது காரணம் ஆய்வகத்துக்கு வெளியே. இறந்தவர் மருத்துவமனையில் சில நாட்கள் இருந்தாரா? இரைப்பை கழுவப்பட்டதா? அப்படியென்றால் இரைப்பைப் பாட்டிலில் தேடிக் களைப்பதைவிட, அனுமதியின்போது எடுத்த முதல் கழுவு நீரும் ரத்தமும் எங்கே என்று கேட்டு எழுதுங்கள். பல வழக்குகளில் அந்தக் கழுவு நீரே யாருக்கும் தோன்றாமல் சாக்கடைக்குப் போயிருக்கும்.

மாதிரியில் பழுப்புப் புள்ளிகள் வரிசையாக வருகின்றன. எது மருந்து என்று தெரியவில்லை

நம் வட்டாரத்து மாதிரிகளுக்கென்றே உள்ள தலைவலி இது. இறந்தவர் கடைசியாகச் சாப்பிட்டது என்ன? பூண்டும் சின்ன வெங்காயமும் வதக்கி, பெருங்காயம் போட்டு, மிளகும் பட்டையும் கிராம்பும் அரைத்து, நல்லெண்ணெய் மிதக்க வைத்த குழம்பு. இரைப்பைப் பொருளைச் சாறெடுக்கும்போது அந்தக் குழம்பையும் சேர்த்துத்தான் சாறெடுக்கிறோம்.

ஒவ்வொன்றாகப் பாருங்கள். பூண்டிலும் வெங்காயத்திலும் பெருங்காயத்திலும் இருப்பவை கந்தகச் சேர்மங்கள். பல்லாடியத்துக்கு அவற்றையும் பிடிக்கும். தயோபாஸ்பேட், அதாவது கந்தகம் கொண்ட கரிமபாஸ்பரஸ், எழுப்பும் அதே மஞ்சள், அதே பழுப்பு. பூண்டின் கந்தகச் சேர்மங்களைத் தட்டில் காட்டவே பல்லாடியம் குளோரைடு பயன்படுகிறது என்பதை நினைவில் வையுங்கள். அழுகிய திசுவின் கந்தகமும் இந்தக் கூட்டத்தில் சேர்ந்துகொள்ளும்.

மஞ்சள்தூளின் குர்குமின் இன்னும் மோசம். குளோரோஃபார்ம் சாற்றிலும் ஈதர் சாற்றிலும் தாராளமாக வரும். கார்பமேட் மருந்துகளைத் தேடத் தட்டில் சோடியம் ஹைட்ராக்சைடு தெளிக்கிறோம் அல்லவா, அந்தக் காரம் பட்டவுடன் குர்குமின் செம்பழுப்பாக மாறும். கார்போபியூரானுக்கும் புரோபாக்ஸருக்கும் சிவப்பு சார்ந்த நிறத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பவருக்கு அது இனிப்பான செய்தியாகத் தெரியும். அதோடு முடியவில்லை. கார்பமேட்டின் முறையே, காரத்தால் உடைத்து வெளிவரும் ஃபீனாலை டையசோ உப்போடு இணைத்து நிறமாக்குவதுதான். கிராம்பின் யூஜினால் பிறப்பிலேயே ஃபீனால். மிளகாயின் கேப்சைசினும் ஃபீனால். காரம் உடைத்துத் தரவேண்டிய அவசியமே இல்லாமல் இவை டையசோவோடு கைகோத்துக்கொள்ளும்.

என்ன செய்வது? தெளிப்பதற்கு முன் தட்டை வெறும் கண்ணால் பாருங்கள். ஏற்கெனவே மஞ்சளாகத் தெரியும் புள்ளியைச் சுற்றிப் பென்சிலால் மெல்ல வட்டம் போடுங்கள். புறஊதா விளக்கில் குறுகிய அலையிலும் நீண்ட அலையிலும் பார்த்து, ஒளிர்பவற்றை வேறு குறியால் குறியுங்கள். குர்குமின் மஞ்சள் பச்சையாக ஒளிரும். மிளகின் பைப்பரின் நீலமாக ஒளிரும். பூச்சிமருந்துகளில் பெரும்பாலானவை வெறும் கண்ணுக்கு நிறமற்றவை. ஆகவே தெளிப்பதற்கு முன்பே நிறத்தோடு நிற்கும் புள்ளி, தெளித்த பிறகு என்ன நிறம் காட்டினாலும் சந்தேகத்துக்குரியதுதான்.

கார்பமேட்டுக்கு இன்னொரு எளிய சோதனை உண்டு. ஒரே சாற்றை இரண்டு தட்டில் ஓட்டுங்கள். ஒன்றில் முதலில் காரம், பிறகு டையசோ உப்பு. மற்றொன்றில் காரத்தால் உடைக்காமல், மெல்லிய கார்பனேட் மட்டும் தெளித்து உடனே டையசோ. இரண்டாவது தட்டிலும் அதே உயரத்தில் உடனடியாக நிறம் வந்தால் அது மசாலாவின் ஃபீனாலாக இருக்க வாய்ப்பு மிகுதி. முதல் தட்டில் மட்டும் வருவதையே கார்பமேட்டாகக் கருதி மேற்கொண்டு போங்கள்.

இவற்றைவிடப் பயனுள்ள யோசனை ஒன்று: 'உணவு வெற்று' என்று ஒரு சாறு எப்போதும் குளிர்பெட்டியில் இருக்கட்டும். ஒரு கரண்டி மிளகுக் குழம்பை உப்புக் கரைசலில் இரண்டு வாரம் ஊறவைத்து, விசராவைப் போலவே அரைத்து, சாறெடுத்து, சுத்தம் செய்து வையுங்கள். அது எந்த உயரத்தில் என்ன நிறம் தருகிறது என்று ஒரு தட்டு ஓட்டிப் படம்பிடித்துச் சுவரில் ஒட்டுங்கள். சம்பவ இடத்தில் மிஞ்சிய சோற்றையும் குழம்பையும் காவல்துறை அனுப்பியிருந்தால் அதில் நஞ்சு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டு மூடாதீர்கள். நஞ்சில்லாத பங்கு இருக்குமானால் அந்த வழக்குக்கு அதைவிடச் சிறந்த வெற்று கிடைக்காது. வேறு ஊரில் அச்சான பாடநூல் உங்கள் வீட்டுக் குழம்பைக் கணக்கில் எடுக்கவில்லை.

கடைசியாக, ஒரு புள்ளியை மருந்து என்று எழுதுவதற்கு முன் இரண்டு வெவ்வேறு ஓடுகரைப்பான்களிலும் இரண்டு வெவ்வேறு தெளிப்புகளிலும் அது சான்றோடு ஒத்துப்போக வேண்டும். கலந்த தடத்தில் இரண்டு தலை இல்லாமல் ஒரே உருண்டையாக எழ வேண்டும். பூண்டு இந்தத் தேர்வில் தேறுவது கடினம்.

புள்ளி உருண்டையாக இல்லை. வால் நீண்டு இழுபடுகிறது

கொழுப்பு. ஈரலிலும் குடலிலும் இருக்கும் கொழுப்பும், நல்லெண்ணெயும் சாற்றோடு வந்திருக்கின்றன. சட்டியில் ஆறிய சாறு நெய்யாய் உறைந்தால் அதைத் தட்டில் வைக்காதீர்கள். ஹெக்சேன் சாற்றை, ஹெக்சேனால் நிறைத்த அசிட்டோநைட்ரைலோடு குலுக்குங்கள். மருந்து அசிட்டோநைட்ரைலுக்குப் போகும், கொழுப்பு ஹெக்சேனில் தங்கும். அசிட்டோநைட்ரைல் பகுதியை நிறையத் தண்ணீரும் சிறிது சோடியம் சல்பேட்டும் சேர்த்து நீர்த்து, மீண்டும் புது ஹெக்சேனுக்கு இழுத்துக்கொள்ளுங்கள். சிலர் கொழுப்பைத் தீர்க்க அடர் சல்பூரிக் அமிலத்தை ஊற்றுகிறார்கள். கொழுப்பு போகும், கூடவே கரிமபாஸ்பரஸும் போய்விடும்.

வைத்த அளவு அதிகமானாலும் வால் வரும். பாதியாக நீர்த்து வைத்துப் பாருங்கள், வால் போய்விட்டால் விஷயம் அவ்வளவுதான்.

குலுக்கியதும் பால்போல் திரண்டு பிரிய மறுக்கிறது

வேகமாகக் குலுக்கினீர்கள். பிரிபுனலைத் தலைகீழாகச் சாய்த்துச் சாய்த்து மெதுவாகப் புரட்டுவது போதும். திரண்ட பிறகு என்றால் உப்பைக் கூட்டுங்கள், சில துளி ஆல்கஹால் விடுங்கள், மையவிலக்கி இருந்தால் சுழற்றுங்கள். முதலிலேயே திசுவை நீரற்ற சோடியம் சல்பேட்டோடு அரைத்துப் பொடிபோல ஆக்கிவிட்டால் இந்தப் பிரச்சினை பாதிக்கு மேல் வராது.

சில்வர் நைட்ரேட் தெளித்த தட்டு முழுக்கக் கருக்கிறது. அல்லது தொடக்கப் புள்ளி மட்டும் கரி போல இருக்கிறது

கரிமகுளோரின் மருந்துகளுக்கு ஃபீனாக்ஸி எத்தனால் சேர்த்த சில்வர் நைட்ரேட்டைத் தெளித்துப் புறஊதா ஒளியில் வைக்கிறோம். குளோரின் இருக்கும் இடம் கருக்கும். இந்த முறைக்கு எந்தக் குளோரின் என்ற பேதமே கிடையாது. விசரா ஊறி வந்தது நிறைவுற்ற சாப்பாட்டு உப்புக் கரைசலில். சாற்றில் ஒரு துளி நீர் தங்கியிருந்தால் உப்பும் அதோடு தட்டுக்கு வந்து, தொடக்கக் கோட்டிலேயே நின்று கருக்கும். அது எண்டோசல்பானும் அல்ல, வேறெதுவும் அல்ல. சாற்றை நீரற்ற சோடியம் சல்பேட் வழியாக வடிகட்டுங்கள். பாதுகாப்புக் கரைசலின் மாதிரி தனிப் பாட்டிலில் வந்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதை அனுப்பாத பிணவறைகள் உண்டு; கேட்டு வாங்கலாம்.

தட்டு முழுக்கக் கருத்தால் சந்தேகம் தண்ணீர் மேல் போகவேண்டும். சிலிக்காவைக் குழைத்தது எந்தத் தண்ணீரில்? காரைக்குடியில் சம்பை ஊற்றுத் தண்ணீரின் பெருமையைச் சொல்லாத ஆள் இல்லை, எனக்கும் அந்தச் சுவை பிடிக்கும். நாக்குக்கு எவ்வளவு இனிப்பாக இருந்தாலும் நிலத்தடி நீரில் குளோரைடு இருக்கும். சில்வர் நைட்ரேட்டுக்கு அது போதும். காய்ச்சி வடித்த நீரைத் தவிர வேறெதையும் தட்டுக்குத் தொடாதீர்கள். கடையில் வாங்கிய தட்டென்றால் ஒருமுறை மெத்தனாலில் ஓட்டி, அழுக்கை மேல்விளிம்புக்குத் தள்ளி, காயவைத்துப் பயன்படுத்துங்கள். விளக்கின் கீழ் மறந்து விட்டுவிட்டாலும் எல்லாமே கருக்கும். சான்றின் புள்ளி தெளிந்தவுடன் எடுத்துப் படம்பிடித்துவிடுங்கள்.

ஒரே மருந்து என்று நினைத்தேன். இரண்டு மூன்று புள்ளிகள் வருகின்றன

அவசரப்பட்டு 'இரண்டு மருந்து' என்று எழுதாதீர்கள். 'கலப்படம்' என்று ஒதுக்கவும் வேண்டாம். எண்டோசல்பான் ஆல்பா, பீட்டா என்ற இரண்டு மாற்றியங்களின் (ஒரே அணுக்கள், வேறு அமைப்பு) கலவை. சான்றே இரண்டு புள்ளி காட்டும். உடலுக்குள் போய் எண்டோசல்பான் சல்பேட்டாக மாறிய பங்கு மூன்றாவதாக எழலாம், அப்படி எழுந்தால் அது மருந்து உடலுக்குள் வேலை செய்ததற்கு நல்ல அத்தாட்சி. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் இதைத் தடை செய்துவிட்டது என்றாலும் பழைய பாட்டில்கள் பரணில் இருக்கக்கூடும். சைபர்மெத்ரினும் மாற்றியங்களால் நெருங்கிய புள்ளிகளாகப் பிளக்கலாம்.

உண்மையிலேயே இரண்டு மருந்து இருப்பதும் இப்போது சாதாரணம். புரஃபெனோபாஸ்–சைபர்மெத்ரின், குளோர்பைரிபாஸ்–சைபர்மெத்ரின் என்று கலவையாகவே ஒரே பாட்டிலில் விற்கிறார்கள். 2023 தொடக்கத்தில் தமிழக அரசு 60 நாட்களுக்குத் தடை செய்த ஆறு மருந்துகளில் இந்தக் கலவைகளும் இருந்தன. கலவையில் சைபர்மெத்ரின் சிறுபங்குதான். கரிமபாஸ்பரஸ் புள்ளி கிடைத்த மகிழ்ச்சியில் அதைத் தேடாமல் விடுவது வழக்கம். சைபர்மெத்ரினில் சயனோ தொகுதி உண்டு. தட்டில் காரம் அதை உடைத்துச் சயனைடை வெளியேற்றும். நைட்ரோபென்சால்டிஹைடும் டைநைட்ரோபென்சீனும் சேர்த்த தெளிப்பு அந்த இடத்தை ஊதாவாக்கும். டெல்டாமெத்ரினுக்கும் ஃபென்வலரேட்டுக்கும் இதுவே பொருந்தும். காவல்துறை கைப்பற்றிய பாட்டிலையும் இதே தட்டில் ஒரு தடமாக ஓட்டினால் இரண்டு புள்ளிகளின் ஜோடி அப்படியே ஒத்துப்போவதைக் காணலாம்.

புள்ளி நேற்று வந்த உயரத்தில் இன்று இல்லை

ஐப்பசி, கார்த்திகையில் காற்றின் ஈரத்தைத் தட்டு குடித்துவிடும். ஈரமான சிலிக்கா பிடியை விடுவதால் புள்ளிகள் உயரப் போகும். 110 டிகிரியில் ஒருமணி நேரம் காயவைத்து, உலர்கலனில் ஆறவைத்து எடுங்கள். கோடையில் வேறு கதை: தொட்டியிலிருந்து அசிட்டோன் முதலில் ஆவியாகிக் கலவை மாறும், புள்ளிகள் தாழும். ஒவ்வொரு ஓட்டத்துக்கும் புதுக் கரைப்பான் ஊற்றுங்கள். எதுவானாலும் சான்று அதே தட்டில் இருந்தால் ஒப்பீடு கெடாது. நூலில் உள்ள எண்ணோடு ஒப்பிடும் பழக்கம்தான் கெடுக்கிறது.

சில்வர் நைட்ரேட் தாள் கருத்தது, பாஸ்பீனா, அழுகலா?

புதுவயல் பக்கம் நெல் அரவை ஆலைகள் நிறைய. கிட்டங்கியில் வண்டு விழாமல் இருக்க அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை வைப்பார்கள். அது ஈரம் பட்டால் பாஸ்பீன் வாயுவைத் தரும். இப்படிப்பட்ட மாதிரியை, வாயுவை இழுத்து வெளியேற்றும் உறிஞ்சுகூண்டுக்கு வெளியே திறக்கவே கூடாது. வெளியே வரும் வாயு ஆய்வாளரையும் பதம் பார்க்கும்.

இரைப்பைப் பொருளில் ஐந்து மில்லிலிட்டரை மூன்று மடங்கு நீரோடு குடுவையில் இட்டு, சில்வர் நைட்ரேட்டில் நனைத்த வடிதாளால் வாயை மூடி, 50 டிகிரி அளவில் கால்மணி நேரம் சூடாக்குவது வழக்கம். தாள் கருத்தால் பாஸ்பீன் இருக்கலாம். ஆனால் அழுகிய உடலின் ஹைட்ரஜன் சல்பைடும் அதே கருப்பைத் தரும். ஆகவே இன்னொரு குடுவையில், சல்பைடுக்குக் கருத்துப் பாஸ்பீனுக்குக் கருக்காத லெட் அசிடேட் தாளையும் வையுங்கள். இரண்டும் கருத்தால் சல்பைடு கலந்திருக்கிறது, இந்தச் சோதனையால் முடிவு சொல்ல முடியாது. வாயுவை லெட் அசிடேட் நனைத்த பஞ்சு வழியாகச் செலுத்திச் சல்பைடை வடித்துவிட்டுத் திரும்பப் பாருங்கள். சில்வர் தாள் மட்டும் கருத்தால் பாஸ்பீனுக்கு வலுவான அறிகுறி.

தாள் வெளுப்பாகவே இருக்கிறது, ஆனால் எலி மருந்து என்று குறிப்பு இருக்கிறது என்றால் துத்தநாகப் பாஸ்பைடை நினையுங்கள். அது வெறும் நீரில் சோம்பேறித்தனமாகத்தான் வாயு விடும், அமிலம் தேவை. நீர்த்த சல்பூரிக் அமிலத்தைச் சேருங்கள். ஹைட்ரோகுளோரிக் வேண்டாம், அதன் ஆவியே சில்வர் தாளைக் கெடுத்துவிடும். மஞ்சள் பாஸ்பரஸ் பசை என்றால் முறை வேறு. இருட்டறையில் நீராவி வடிப்பில் ஒளிர்வதைப் பார்க்கவேண்டும். ஆல்கஹாலும் டர்பன்டைனும் அந்த ஒளிர்வை அணைத்துவிடும் என்பதால்தான் பாஸ்பரஸ் சந்தேகத்தில் விசராவைச் சாராயத்தில் போடக்கூடாது என்று விதி இருக்கிறது.

வாயு ஏற்கெனவே போயிருக்கலாம் என்பதும் உண்மை. மூடி சரியாக இறுகாத பாட்டில், வெயிலில் பலமணி நேரப் பயணம், வாரக்கணக்கில் அலமாரியில் காத்திருப்பு. இப்படிப்பட்ட மாதிரிகளுக்கு வரிசை முறை பார்க்காமல் வந்த அன்றே தாளை வைத்துவிடுங்கள்.

களைக்கொல்லி குடித்தார் என்கிறார்கள், சிறுநீர் நீலமாகவில்லை

களைக்கொல்லியான பாராகுவாட் மின்னேற்றம் கொண்ட உப்பு. ஹெக்சேன், ஈதர் எதற்கும் வராது. கரிமச் சாற்றில் தேடுவதே வீண். சிறுநீரையோ வடிகட்டிய இரைப்பை நீரையோ நேரடியாக எடுத்து, அம்மோனியாவால் காரமாக்கி, ஒரு சிட்டிகை சோடியம் டைத்தயோனைட் சேருங்கள். நீலம் வந்தால் பாராகுவாட். மஞ்சள் பச்சை வந்தால் டைகுவாட். லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் அளவுவரை இந்தச் சோதனை பிடிக்கும்.

நீலம் வராததற்கு முதல் காரணம் பெரும்பாலும் டைத்தயோனைட்டே. மூடி திறந்து மூடித் திறந்து ஈரம் புகுந்த பொடி செத்த பொடி. சான்றுக் குழாயில் நீலம் வருகிறதா என்று பாருங்கள். வந்த நீலம் குலுக்கக் குலுக்க மங்கினால் பயப்படாதீர்கள். காற்றின் ஆக்சிஜன் அதை அழிக்கிறது. இன்னொரு சிட்டிகை போட்டதும் திரும்ப வருவது உங்கள் முடிவுக்கு ஆதரவு. சிறுநீரே ரத்தம் கலந்து சிவந்திருந்தால் சோதிக்காத சிறுநீரைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள்.

நொதித் தட்டில் வெள்ளைப் புள்ளி வரவில்லை, அல்லது எல்லாமே வெள்ளை

ஆட்டு ஈரலை நீரில் அரைத்து வடித்த நீர், நாப்தைல் அசிடேட், ஃபாஸ்ட் ப்ளூ உப்பு: இவ்வளவுதான் முதலீடு. தட்டு முழுக்க ஊதாவாகும். மருந்து நொதியை முடக்கிய இடம் வெள்ளையாக நிற்கும். ஈரல் அன்றைக்கு அறுத்ததாக இருக்கட்டும். காரைக்குடிச் சந்தையில் அதற்குப் பஞ்சமில்லை. குளோர்பைரிபாஸ் போன்ற கந்தகம் ஏந்திய மருந்துகள் அப்படியே நொதியைத் தொடாது. புரோமின் ஆவியில் சில நிமிடம் காட்டி ஆக்சிஜன் வடிவத்துக்கு மாற்றவேண்டும். அதன்பிறகு புரோமினை முழுதாக ஊதி வெளியேற்றாவிட்டால் அதுவே நொதியைக் கொன்று தட்டு முழுவதையும் வெளுக்கவைக்கும்.

ரத்தத்தில் கோலினெஸ்டரேஸ் (கரிமபாஸ்பரஸும் கார்பமேட்டும் முடக்கும் நொதி) அளவு பார்ப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: சோடியம் ஃபுளோரைடு போட்ட குழாயை இதற்கு எடுக்காதீர்கள். ஃபுளோரைடே அந்த நொதியைத் தடுக்கும், நஞ்சில்லாதவருக்கும் அளவு குறைவாக வரும். எதிர்த்திசையிலும் ஏமாற்றம் உண்டு. கார்பமேட் பிடித்த நொதி தானாகவே விடுபட்டுக் குழாய்க்குள்ளேயே தேறிவிடும். மருத்துவமனையில் முறிமருந்தான பிராலிடாக்சிம் கொடுத்திருந்தாலும் அளவு ஏறியிருக்கும். எனவே நோயாளிக் குறிப்பேட்டைப் பார்க்காமல் அந்த எண்ணுக்கு அர்த்தம் சொல்லக்கூடாது.

எல்லாம் சரியாகச் செய்தேன்; எல்லாமே எதிர்மறை

அப்படியும் வரும். அப்போது அறிக்கையில் எழுதும் வாக்கியத்தில் கவனம் வேண்டும். 'நஞ்சு இல்லை' என்று எழுதாதீர்கள். எந்தெந்த மருந்துக் குடும்பங்களை, எந்த உறுப்பில், எந்த முறையால் தேடினீர்கள், எது காணப்படவில்லை என்று எழுதுங்கள். சன்ஹிதாவின் 329-ஆம் பிரிவின்படி அரசு ஆய்வாளரின் அறிக்கை நேரடியாகவே சான்றாக ஏற்கப்படலாம். நீங்கள் கூண்டில் ஏறி விளக்கும் வாய்ப்பு வராமலே போகக்கூடும் என்பதால் வாக்கியமே முழுதாக நிற்கவேண்டும். பிறகு ஃபார்மலினில் போட்ட உறுப்பு ஏதும் கைமாறி வந்துவிட்டதா, இரைப்பையும் ஈரலும் ஒரே பாட்டிலில் திணிக்கப்பட்டிருந்ததா, முத்திரை உடைந்திருந்ததா என்ற குறிப்புகளையும் அறிக்கையில் சேருங்கள்.

சாறு மிஞ்சியிருந்தால் மூடிய சிறு குப்பியில், தேதியும் வழக்கு எண்ணும் கரைப்பானின் பெயரும் எழுதி, உறைபெட்டியில் வைத்து, நிறைமாலைமானி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பப் பரிந்துரை எழுதுங்கள். தட்டுகளின் படங்களைத் தெளிப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்துக் கோப்பில் ஒட்டுங்கள். பல்லாடியத்தின் பழுப்பு அப்படியே நிற்கும் என்று நம்பாதீர்கள், டையசோவின் சிவப்பு மறுநாளே மங்கிவிடும். மீதித் திசுவை நீதிமன்றம் அல்லது விசாரணை அதிகாரியின் எழுத்து அனுமதி வரும்வரை அழிக்காதீர்கள்; அலமாரியில் இடமில்லை என்று மேலதிகாரி சொன்னால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.